ஒரு கண்டன்சருக்கு மூன்று பெயர்

சித்திரை வெயில் ஏறியதும் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் மின்விசிறி நடைபயிற்சி போல மெல்லச் சுற்றும். எலக்ட்ரீஷியன் வருவார். மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, மேல்மூடியை இறக்கிப் பார்ப்பார். “கண்டன்சர் வீக்காயிடுச்சு சார். மாத்திட்டா சரியாப் போயிடும்.” கையடக்கமான ஒரு சின்னப் பெட்டி போய் இன்னொன்று வரும். காற்றும் வரும்.

அதே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையனின் இயற்பியல் புத்தகத்தில் ‘மின்தேக்கி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பொறியியல் கல்லூரிக்குப் போகும் அவன் அக்கா, ‘கெப்பாசிட்டர்’ கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போடுகிறாள். கடையில் கண்டன்சர், பள்ளியில் மின்தேக்கி, கல்லூரியில் கெப்பாசிட்டர். மூன்றும் ஒன்றே என்று எடுத்துச்சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அதைச் சொல்வதற்கு ஓர் இணையதளம் வேண்டும். எலக்ட்ரானிக்ஸை அரிச்சுவடியிலிருந்து, தமிழில், பொறுமையாகச் சொல்லும் தளம். யார் எழுதுவது? துறையில் கரை கண்டவர்கள்தான் என்று உடனே தோன்றும். இப்போதுதான் காலை நனைத்திருப்பவரே எழுதலாம் என்பது என் கட்சி. இதற்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் மின்விசிறிக் கண்டன்சரின் மேலேயே அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

புரியாமல் போனதால் பிறந்த புத்தகம்

மின்விசிறிக் கண்டன்சரில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும். ‘ஃபாரட்’ என்பது மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் வந்த அலகு. லண்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, பதினாலு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். அவற்றில் ஒன்று, வேதியியலைப் பற்றி ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல் அமைந்த நூல். மின்வேதியியலுக்குள் அவரை முதலில் இழுத்தது அதுதான்.

1806இல் வெளிவந்த அந்த நூலை எழுதியவர் ஜேன் மார்செட். அவர் விஞ்ஞானி இல்லை. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார்; முதலில் சரியாகப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து நண்பரோடு பேசிப் பேசி, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்த பிறகே விளங்கியது. தனக்கு விளங்கிய அந்த வழியையே நூலாக்கினார். மாணவிகள் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விகளில் பாதி, அவருக்கே வந்த சந்தேகங்களாக இருந்திருக்க வேண்டும்.

படித்த ஃபாரடேயும் சும்மா நம்பிவிடவில்லை. கைக்கெட்டிய பொருள்களை வைத்துச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து, புத்தகம் சொல்வது சரிதானா என்று பார்த்துக்கொண்டார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகு, தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக்கடனாக அனுப்பிவைத்தார்.

ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தது 1831இல். மிகச்சரியாக நூறு வருஷம் கழித்து, 1931இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நம் தலைக்கு மேலே சுற்றும் விசிறியின் மோட்டாரும் அதே மின்தூண்டலால்தான் சுற்றுகிறது.

மூன்று நிறுத்தங்கள்

அந்த ரயில் தடத்தில் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்று அடுத்தடுத்து மூன்று நிறுத்தங்கள். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கிறது. தொழிலதிபர் சி.ராஜம் தன் வீட்டை விற்றுப் பணம் போட்டு 1949இல் தொடங்கிய கல்லூரி அது. எலக்ட்ரானிக்ஸ் இந்தியாவில் தனிப் படிப்பாக வேரூன்றாத காலத்திலேயே அதைக் கற்றுத்தந்த இடம். அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன்தான், பின்னாளில் எழுத்தாளர் சுஜாதாவாகி, ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ நூலை எழுதினார். சானடோரியம் நிலையத்துக்குப் பக்கத்தில் 1984இல் உருவான ‘மெப்ஸ்’ ஏற்றுமதி வளாகம். படிப்பும் தொழிலும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஆர்வமுள்ள ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, ரெசிஸ்டரின் வண்ணப்பட்டைகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலத் தளத்துக்குத்தான் போகிறாள்.

சுஜாதா எல்லாம் தெரிந்தவராக இருந்துகொண்டு வாசகனின் தோளில் கைபோட்டுப் பேசினார். அந்த வரம் எல்லாருக்கும் வாய்க்காது. மார்செட்டின் வழி அப்படியில்லை. யாரும் நடந்து பார்க்கலாம்.

ரிச்சி தெருவில் 350 ஓம்

நிபுணர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரியவிட வேண்டும். எல்.இ.டி. சுமார் இரண்டு வோல்ட் எடுத்துக்கொள்ளும்; மீதி ஏழு. இருபது மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும் என்றால், ஏழை 0.02ஆல் வகுக்க வேண்டும். விடை 350 ஓம். புத்தகத்தில் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

மாணவி ரயிலேறி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறாள். “அண்ணா, 350 ஓம் ரெசிஸ்டர் இருக்கா?” கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். “அப்படி வராதும்மா. 330 இருக்கு, 390 இருக்கு, 470 இருக்கு. எது வேணும்? கால் வாட்டா, அரை வாட்டா?” அவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. கணக்குத் தப்போ என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுகிறாள்.

கணக்கு சரிதான். ரெசிஸ்டர்கள் குறிப்பிட்ட சில மதிப்புகளில் மட்டுமே தயாராகின்றன என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 470 ஓம் போட்டால் மின்னோட்டம் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் ஆகும். விளக்கு நன்றாகவே எரியும். ரெசிஸ்டரில் செலவாகும் சக்தி 0.1 வாட் அளவுதான் என்பதால் கால் வாட் தாராளம். மஞ்சள், ஊதா, பழுப்பு என்று பட்டை இருந்தால் அது 470. எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம்.

முப்பது வருஷ அனுபவசாலிக்கு இவை எழுதத் தோன்றாது. மூச்சு விடுவதை யாராவது எழுதிக் காட்டுவார்களா? நேற்று வெறுங்கையோடு ரிச்சி தெருவிலிருந்து திரும்பியவள்தான் இதை முதல் பக்கத்தில் போடுவாள். ‘கடையில் என்ன கேட்க வேண்டும்’ என்று தனித் தலைப்பே வைப்பாள். சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகையான பிரெட்போர்டுகளில், நீளமான சிலவற்றில் ஓரத்து மின்பாதை நடுவில் அறுந்திருக்கும் என்பதும், அது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையே பாழாகும் என்பதும் அவள் எழுத்தில்தான் வரும்.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் 1983இல் வெளியிட்ட ஆரம்ப எலக்ட்ரானிக்ஸ் நூல் முழுக்கக் கையெழுத்தும் கைப்படமும் கொண்டது. ஒரு நண்பனின் நோட்டுப் புத்தகம் போலிருக்கும். லட்சக்கணக்கில் விற்றது. இத்தனைக்கும் அவர் கல்லூரியில் பட்டம் வாங்கியது அரசியல் துறையில்.

தமிழில் போட்ட பாதை

தமிழில் தொழில்நுட்பத்தை எளிமையாகச் சொல்வது புதிதாகத் தொடங்க வேண்டிய முயற்சியும் அல்ல. 2012இல் த.சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ‘கணியம்’, கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்ல வந்த மின்னிதழ். அங்கே து.நித்யா தரவுத்தளம், இணையப்பக்க வடிவமைப்பு என்று ஒவ்வொரு நுட்பமாக ‘எளிய தமிழில்’ எழுதினார். பொருள்களின் இணையம் பற்றி இரா.அசோகன் எழுதினார். யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு இவை மின்னூல்களாகவும் வந்தன. இந்த எழுத்துகளில் கலைச்சொல் சண்டை கிடையாது. வாசகருக்கு எது புரியுமோ அதுவே சொல்.

எலக்ட்ரானிக்ஸ் தளத்துக்கும் அதே விதி பொருந்தும். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். பள்ளிப் புத்தகத்திலிருந்து வருகிறவரும் கடையிலிருந்து வருகிறவரும் அந்த ஒரு வரியில் சந்தித்துக்கொள்வார்கள்.

கற்பவர் போட்டுக்கொள்ள வேண்டிய கடிவாளம்

கற்றுக்கொண்டே எழுதுவதில் ஆபத்தும் உண்டு. அரைகுறையாய்ப் புரிந்தது அச்சில் ஏறினால் அடுத்தவர் கையில் டிரான்சிஸ்டர் கருகும். ஆகவே சில கட்டுப்பாடுகள்.

தான் செய்து பார்க்காத சுற்றை எழுதக் கூடாது. பிரெட்போர்டில் வேலை செய்தபோது எடுத்த படத்தையும், மல்டிமீட்டர் காட்டிய எண்ணையும் சேர்த்தே போட வேண்டும். தயாரிப்பாளர் தரும் தகவல்தாளைப் பார்க்காமல் கால் வரிசையைச் சொல்லக் கூடாது. 2என்2222 என்ற பெயரில் விற்கும் டிரான்சிஸ்டர்களிலேயே தயாரிப்புக்குத் தயாரிப்பு கால் வரிசை மாறுகிறது.

வெளியிடும் முன் ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்ல வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் இது ஒரு கட்டாயப் படி. அங்கே தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. தப்பு தெரிந்தால் தேதியோடு திருத்த வேண்டும்; மறைக்கக் கூடாது. மார்செட் தன் நூலைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே இருந்தார். பதினாறு பதிப்புகள் வந்தன. இணையத்தில் அதற்கு அச்சகம்கூட வேண்டாம்.

கடைசியாக, 230 வோல்ட்டைத் தொடும் எதையும் ஆரம்பப் பாடத்தில் வைக்கக் கூடாது. பேட்டரியே போதும். மெயினை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவிக்குத் தெரியாது.

செலவு பெரிதில்லை. இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தரும் சேவைகள் இருக்கின்றன. கையில் ஒரு போன், ஒரு பிரெட்போர்டு, நேற்றுவரை எது புரியவில்லை என்ற நினைவு, இவ்வளவுதான் மூலதனம். அந்த நினைவு சீக்கிரம் மங்கிவிடும். கற்றுத் தேர்ந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் எழுத வேண்டியதே மறந்துபோகும்.

முதல் பக்கத்துக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். படுத்துக்கொண்டு மேலே பாருங்கள், சுற்றிக்கொண்டிருக்கிறது.