பீடித் தட்டும் தோள் வலியும்: உழைப்பே உடற்பயிற்சி ஆகுமா?

மேலப்பாளையம், முக்கூடல், கடையம், ஆலங்குளம் என்று தாமிரபரணி வட்டாரத்தில் பீடி சுற்றும் ஊர்களின் வரிசை நீளமானது. சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் தட்டு, கையில் கத்தரி, நனைத்த இலை, தூள், நூல். ஆயிரம் பீடி என்றால் இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டுவது ஆயிரம் தடவை. அத்தனை நேரமும் கழுத்து குனிந்தே இருக்கிறது, தோள் முன்னால் வளைந்தே இருக்கிறது. கழுத்து வலி, தோள் வலி என்று மருத்துவரிடம் போனால் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்குத் தனியாக என்ன பயிற்சி என்று அந்தப் பெண்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பயிற்சி வலியைத் தணிக்கும், ஆனால் எல்லா அசைவும் தணிக்காது. எந்த வகை, எவ்வளவு நேரம், எந்தத் தசையில் தொடங்குவது என்று சொல்லாமல் கொடுக்கும் அறிவுரை பாதி மருந்துதான்.

ஓடி முடித்தவர்களுக்குச் சற்று நேரம் வலி குறைவாகத் தெரிகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதினார்கள். 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். பயிற்சிகளில் வேக நடை, சைக்கிள் போல மூச்சு வாங்க வைப்பவை ஒரு வகை. எடையைத் தூக்கி இறக்குவது இன்னொன்று. அசையாமல் தசையை இறுக்கிப் பிடித்திருப்பது மூன்றாவது. ஆரோக்கியமானவர்களிடம் மூன்றுமே வலி உணர்வைக் குறைத்தன. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒரு கையால் பிடியை இறுக்கினால் அந்தக் கையில் மட்டுமல்ல, உடம்பின் வேறு இடங்களிலும் வலி மட்டுப்படுகிறது. அப்படியென்றால் வேலை நடப்பது தசையில் மட்டும் அல்ல. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியை வழியிலேயே அடக்குகின்றன.

ஏற்கெனவே நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் முடிவுகள் இவ்வளவு சீராக இல்லை. சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடியது. ஏன் என்பதற்கு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து 2010-ல் வந்த ஆய்வு ஒரு தடயம் தருகிறது. தோள் தசை வலி உள்ளவர்கள் வலிக்கிற தோள் தசையையே இறுக்கியபோது வலி தணியவில்லை. வலியில்லாத தொடைத் தசையை இறுக்கியபோது தணிந்தது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்கு இரண்டுமே உதவவில்லை. நம் ஊரில் தோள் வலி என்றதும் தோளைச் சுழற்றச் சொல்வதே வழக்கம். இந்த ஆய்வை வைத்துப் பார்த்தால், சுவரில் முதுகைச் சாய்த்து முழங்காலை மடக்கி நிற்பது, படியேறுவது என்று காலில் தொடங்கிவிட்டு, வலி இளகிய பிறகு தோளுக்குப் போவதே பொருத்தமாகத் தெரிகிறது.

பீடி சுற்றுவதும் தசையை இறுக்கிப் பிடிப்பதுதானே என்று கேட்கலாம். வேறுபாடு ஓய்வில் இருக்கிறது. பயிற்சியில் தசைக்குக் கனமான சுமை சிறிது நேரம் விழுகிறது, பிறகு முழு ஓய்வு. தட்டின் முன் உட்கார்ந்தால் சுமை சிறியது, ஆனால் கழுத்தையும் தோளையும் தாங்கும் இழைகளுக்கு மணிக்கணக்கில் விடுப்பே இல்லை. பிசானம், கார் என்ற நெல் பருவங்களில் நாற்று நடும் பெண்களின் இடுப்புக்கும் இதே கதி. வேலையில் படும் பாடு பயிற்சியின் பலனைத் தருவதில்லை என்று டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள்.

அதே டென்மார்க்கில் கழுத்தும் தோளும் அடிக்கடி வலிக்கும் 198 அலுவலக ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2011-ல் வெளியானது. ரப்பர் குழாயைக் கையால் பக்கவாட்டில் இழுத்து உயர்த்தும் பயிற்சி, வாரம் ஐந்து நாள், பத்து வாரம். ஒரு குழுவுக்கு நாளைக்கு 12 நிமிடம், இன்னொன்றுக்கு வெறும் 2 நிமிடம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு குழுக்களுக்குமே வலி குறைந்தது. வலிக்கிற தோளையே பழக்கியும் குறைந்திருக்கிறதே, ஸ்வீடன் ஆய்வுக்கு இது முரண் இல்லையா? இல்லை. அங்கே அளந்தது பயிற்சி நடக்கும்போது உணரும் வலியை. இங்கே அளந்தது பத்து வாரத்தில் சுமையை மெல்லக் கூட்டியதன் பலனை.

நாற்காலியில் உட்காரும் டேனியர்களின் கணக்கு தரையில் அமரும் நம் பெண்களுக்குப் பொருந்துமா என்பது வலுவான ஆட்சேபம். உட்காரும் முறை மட்டுமல்ல, உடல்நிலையையும் பார்க்க வேண்டும்: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே ரத்தப் பரிசோதனையோடு, குறைந்த சுமையில் தொடங்க வேண்டும். அதைச் செய்ய இடமும் ஆளும் உண்டு. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் நல்லதே. ஆனால் தோள் வலிக்கு நடை மட்டும் போதாது.

இன்னொரு ஆட்சேபம் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. வலி தாங்கும் சக்தியை வளர்த்துவிட்டால், மோசமான வேலையை இன்னும் அதிகம் தாங்கச் செய்வதாகாதா? 2014-ல் வந்த ஒரு சிறிய ஆஸ்திரேலிய ஆய்வில், ஆறு வாரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் நேரம் கூடியது. வலி எந்த அளவில் தெரியத் தொடங்குகிறதோ அந்த எல்லை மாறவில்லை. உடம்பின் எச்சரிக்கை மணி அணைந்துவிடவில்லை. ஆனாலும் பயிற்சியைக் காட்டிக் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்க யாரையும் விடக் கூடாது. எட்டு மணி நேரத்தில் ஆயிரம் பீடி என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு. 2 நிமிடப் பயிற்சியின் விலை நான்கு பீடி. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணின் கணக்கில் அந்த நான்கு கழியக் கூடாது. அடுத்த கூலி ஒப்பந்தத்தில் சங்கங்கள் அதைக் கம்பெனியின் கணக்கில் எழுதக் கேட்க வேண்டும்.