முதலாம் படிவத்தில் மதிப்பெண் சரிவது ஏன்?

ஆறாம் ஆண்டு வரை வகுப்பில் முன்னணியில் இருந்த பிள்ளை, முதலாம் படிவத்தில் அறிவியலிலும் கணிதத்திலும் திடீரெனச் சரிவது தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலருக்குப் பழக்கமான அதிர்ச்சி. கைப்பேசி, சேர்க்கை, சோம்பல் என்று வீட்டில் காரணங்கள் அடுக்கப்படும். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால், முதலில் கவனிக்க வேண்டியது மொழி.

தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலும் தமிழில் படித்த பாடங்களை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படிக்க வேண்டியுள்ளது. 'பின்னம்' அங்கே 'பெச்சாஹான்'. 'அடர்த்தி' அங்கே 'கெத்தும்பாத்தான்'. கணக்கு தெரிந்த மாணவனுக்குக் கேள்வி புரிவதில்லை. விடை தெரிந்தாலும் அதை வாக்கியமாக எழுத வருவதில்லை. தேசியப் பள்ளியிலிருந்து வந்தவர்களோ இச்சொற்களோடு ஆறு ஆண்டுகள் பழகியவர்கள். அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அவன் சந்தேகம் கேட்பதில்லை. நாளடைவில், "எனக்கு அறிவியல் வராது" என்று அவனே நம்பிவிடுகிறான்.

மலாய்மொழியில் பின்தங்கிய மாணவர்களுக்காகப் பல்லாண்டுகளாகப் புகுமுக வகுப்பு நடத்தப்பட்டு வருகிறது. நேரடியாக முதலாம் படிவம் செல்பவர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் இருக்கலாம். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022இல் பி.டி.3 தேர்வும் ரத்தாகிவிட்டதால், பின்னடைவைப் பெற்றோருக்குக் காட்டிய பழைய அடையாளங்களும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. மற்ற பாடங்களில் 'ஏ' பெற்றிருந்தாலும் இதே நிலைதான். ஐந்தாம் படிவத்தில் விழித்துக்கொண்டால் காலம் போதாது.

இதற்காகத் தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தாய்மொழியில் புரிந்துகொண்ட கருத்து மனத்தில் இருக்கிறது. அதற்குப் புதிய சொல் மட்டுமே தேவை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் மலாய்ச்சொல் என்று தினமும் ஐந்து சொற்களை எழுதலாம். மலாய் நாளிதழின் ஒரு செய்தியை வாய்விட்டு வாசிக்கலாம். ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையிலேயே முதலாம் படிவப் பாடநூலைப் புரட்டிப் பார்ப்பதும் நல்லது. பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே பெற்றோர் வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பிள்ளையின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும்.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், "இன்று எந்தச் சொல் புரியவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். சரிவைத் தடுக்கும் முதல் படி அதுவாகவே இருக்கலாம்.