அம்மா எட்டரை மணி வரை தூங்கிய ஊர்... இத்தாலியின் பாறை நகரத்தில் இரண்டு இரவுகள்!

“ஏன்டி... கரன்ட் போயிடுச்சா?”

ராத்திரி இரண்டு மணி. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கரன்ட் போகவில்லை. சத்தம்தான் போயிருந்தது. நவம்பர் குளிர் என்பதால் ஃபேனும் இல்லை, ஏ.சி-யும் இல்லை. வெளியே வண்டி ஓடவில்லை, நாய் குரைக்கவில்லை, பக்கத்து வீட்டு டி.வி கேட்கவில்லை. சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டில் முப்பது வருடங்கள் குடியிருந்தவருக்கு, இவ்வளவு அமைதி என்றால் அது கரன்ட் கட்தான்.

“காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு” என்று முனகிவிட்டுப் படுத்தார். நாங்கள் இருந்தது இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், ஒர்வியேட்டோ என்ற மலை நகரத்தில், பன்னிரண்டே அறைகள் கொண்ட ஒரு குட்டி ஹோட்டலில்.

ரோமில் பாதி நாள், இங்கே பாதி நாள்?

ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவில் இருக்கிறது ஒர்வியேட்டோ. ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒண்ணேகால் மணி நேரம் போல ஆகும். அதனாலேயே பெரும்பாலானவர்கள் காலையில் வந்து, சர்ச்சைப் பார்த்து, போட்டோ எடுத்து, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் பிளான் போட்டேன். ஆனால் ரோமில் மூன்று நாள் நடந்ததில் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் நாங்கள் எடுத்திருந்த அறையில் ராத்திரி முழுக்க சைரன் சத்தம். “எங்கேயாவது ரெண்டு நாள் சும்மா உக்காரலாம்” என்று அம்மா சொன்னதால் வந்தோம்.

ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால், செங்குத்தான ஒரு பாறைக்கு மேலே ஊர் உட்கார்ந்திருக்கிறது. பழங்கால எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை அது. ஸ்டேஷன் எதிரிலேயே ஃபனிகுலர் நிற்கிறது. “அட, நம்ம பழநி விஞ்ச்!” என்றார் அம்மா. அதேதான். கம்பியில் இழுக்கப்படும் பெட்டி, இரண்டு நிமிட ஏற்றம். 1888-ல் முதலில் ஓடியபோது இதற்குக் கரன்ட் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது கீழே இறங்க, கீழே இருக்கும் பெட்டி மேலே ஏறும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

மேலே இறங்கியதும் அதே டிக்கெட்டில் ஒரு சின்ன பஸ் ஊருக்குள் கொண்டுபோய் விடுகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு கல் பாவிய சந்தில் நடந்தோம். எங்கள் பெட்டிச் சக்கரம்தான் அந்தத் தெருவிலேயே பெரிய சத்தம். எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

லிஃப்ட் இல்லை, சாவி உண்டு

பெயர்ப் பலகையை இரண்டு முறை கடந்து போய், மூன்றாவது முறைதான் கண்டுபிடித்தோம். வரவேற்பறை என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இரண்டு பேருக்குக் காலை உணவோடு ஒரு இரவுக்கு 90 யூரோ, அதாவது சுமார் 9,000 ரூபாய். ரோமில் சைரன் கேட்டுக்கொண்டே படுத்த அறைக்கு இதைவிட அதிகம் கொடுத்திருந்தோம்.

பாஸ்போர்ட்டை வாங்கி விவரம் எழுதிக்கொண்டார். பயப்பட வேண்டாம், தங்குபவர்களின் விவரத்தைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். நாம் கோட்டை விடும் இன்னொரு விஷயம், தங்கும் வரி. பல ஊர்களில் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் தனியாக வாங்குவார்கள். ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும் இதை நேரில்தான் கேட்பார்கள். கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. புக்கிங் பக்கத்தில் ‘பழைமையான கட்டடம்’ என்று போட்டிருந்ததை அழகு என்று நினைத்தேனே தவிர, அதற்கு ‘படி ஏறணும்’ என்று அர்த்தம் எனப் புரியவில்லை. தப்பு என்னுடையதுதான். அம்மா படியைப் பார்த்ததையும் முழங்காலைத் தொட்டதையும் அந்தப் பெண்மணி பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் வேறொரு சாவியை எடுத்துக் கொடுத்தார். தரைத்தளத்தில், உள்முற்றத்தைப் பார்த்த அறை. கூடுதலாகக் காசு கேட்கவில்லை. பன்னிரண்டு அறை ஹோட்டலில் இது ஒரு வசதி. பிரச்னையைச் சொல்ல வேண்டிய ஆளே முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

கூடவே தெருக்கதவுக்கு ஒரு கனமான சாவி. ராத்திரியில் யாரும் இருக்க மாட்டார்கள், நீங்களே திறந்துகொண்டு வர வேண்டும்.

அறையில் மர ஜன்னல் கதவு, இரும்புக் கட்டில், பாத்ரூமில் பிடே. “இதுவாவது இருக்கே!” என்று அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஐரோப்பாவில் டிஷ்யூ பேப்பரோடு போராடும் இந்தியர்களுக்கு இத்தாலி ஓர் ஆறுதல். 1975-ம் வருட அரசாணைப்படி வீடுகளில் பிடே கட்டாயம். ஹோட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும்.

தண்ணி எப்படிடி மேல வந்துச்சு?

மறுநாள் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. காலை நாலரைக்கு எழுந்து மோட்டார் போட்டுப் பழகியவர், சுற்றிலும் செங்குத்தான பாறையைப் பார்த்தால் வேறென்ன கேட்பார்?

அதற்குப் பதில் ஃபனிகுலர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, புனித பாட்ரிக் கிணறு. 1527-ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் தப்பித்து ஒர்வியேட்டோவுக்கு வந்தார. முற்றுகை நடந்தால் ஊர் தண்ணீர் இல்லாமல் தவிக்குமே என்று கிணறு வெட்டச் சொன்னார். வடிவமைத்தவர் அந்தோனியோ த சங்கால்லோ. 53 மீட்டர் ஆழம். வேலை முடிந்தது 1537-ல், அதற்குள் போப் இறந்துவிட்டார். கிணற்றைச் சுற்றி இரண்டு சுழல் பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் எடுக்க ஒரு வழியில் இறங்கும் கோவேறு கழுதை, ஏறி வரும் கழுதையை வழியில் சந்திக்கவே சந்திக்காது. படிகள் அகலமாக, உயரம் குறைவாக இருப்பதும் கழுதைகளுக்காகத்தான். வெளிச்சத்துக்கு 70 ஜன்னல்கள்.

நான் இறங்கினேன். அம்மா மேலே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஏறி வந்து மூச்சு வாங்கியபோது, “கழுதைங்க பாவம்” என்றார். என்னைச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஊருக்கு உயிர் கொடுத்த அதே தண்ணீர்தான் பிறகு வில்லனாகவும் ஆனது. பாறைக்கு அடியில் இருப்பது களிமண். மேலே குழாய்த் தண்ணீரும் சாக்கடைக் குழாய்களும் வந்த பிறகு, கசிவெல்லாம் பாறைக்குள் இறங்கியது. போதாததற்கு ஊருக்கு அடியில் 1,200-க்கும் மேற்பட்ட குகைகள். எட்ருஸ்கன் காலத்திலிருந்து கிணறாக, ஆலையாக, உணவுக்குப் புறா வளர்க்கும் மாடமாக மக்கள் குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 1970-களில் பாறையின் விளிம்புகள் சரிந்து விழ, ஊரே பதறியது. 1978-ல் ஒர்வியேட்டோவுக்கும் தோடி என்ற இன்னொரு மலை நகரத்துக்கும் சேர்த்து இத்தாலி நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டமே போட்டது.

அதன் பிறகு பாறைக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கினார்கள். குழாய்களையும் கால்வாய்களையும் மாற்றினார்கள். கார்களின் நெரிசலையும் குறைக்க முடிவு செய்தார்கள். 1970-ல் மூடிப்போன ஃபனிகுலரை 1990-ல் மின்சாரத்தில் மீண்டும் ஓட்டினார்கள். பாறையின் அடிவாரத்தில் பார்க்கிங் கட்டி, மேலே வர எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும் போட்டார்கள்.

அம்மா கரன்ட் கட் என்று நினைத்தாரே, அந்த அமைதிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. ஊர் உடைந்து விழுந்துவிடும் என்ற பயத்தில் ஆரம்பித்த ஏற்பாடுகள், சத்தத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டன.

அந்த அமைதியையே பின்னர் கொள்கையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 1999-ல் நான்கு இத்தாலிய ஊர்கள் சேர்ந்து ‘சித்தாஸ்லோ’ என்ற நிதான நகரங்களின் அமைப்பைத் தொடங்கின. அதில் ஒன்று ஒர்வியேட்டோ, தலைமையகமும் இங்கேதான். 50,000 பேருக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்கள்தான் சேர முடியும். சின்னம், முதுகில் ஊரைச் சுமக்கும் நத்தை.

வண்டியே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்க்காரர்களின் கார் வரும், சரக்கு வேன் வரும். ஒரு சந்தில் பால், காய்கறிப் பெட்டிகளோடு மூன்று சக்கர வண்டி ஒன்று நுழைந்தபோது அம்மா கையைப் பிடித்து இழுத்து, “நம்ம ஊர் ஆபே ஆட்டோடி!” என்றார். ஆபே என்றால் இத்தாலிய மொழியில் தேனீ. 1948-லிருந்து ஓடும் அந்த ஊர் வண்டிதான் நம் தெருவுக்கும் வந்தது.

ஐந்து மணிக்குப் பிறகு

தங்கினால்தான் இந்த ஊர் புரியும் என்று நான் சொல்வதற்குக் காரணம் சாயங்காலம். பெரிய சர்ச்சின் முகப்பு மேற்கைப் பார்த்தது. 1290-ல் தொடங்கிய கட்டடம், பக்கச் சுவர்களில் வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாகக் கல். சூரியன் இறங்கும்போது முகப்பின் தங்கப் பின்னணி மொசைக் ஓவியங்கள் பற்றி எரிவது போல ஜொலிக்கின்றன. நவம்பரில் அது ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். அப்போது டூரிஸ்ட் கூட்டம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியிருக்கும். எதிரே கல் திண்ணையில் அம்மாவும் நானும், இன்னும் நாலைந்து பேரும் மட்டும். பக்கத்து மணிக்கூண்டில் வெண்கலப் பொம்மை ஒன்று மணியை அடித்தது. 14-ம் நூற்றாண்டில் சர்ச் கட்டிய தொழிலாளர்களுக்கு வேலை நேரம் சொல்ல வைத்த கடிகாரம் அது. கிட்டத்தட்ட 700 வருட ஷிஃப்ட் சைரன்!

இந்த அமைதியில் எனக்கு ஒரு நெருடலும் இருந்தது. நாங்கள் நடந்த சந்துகளில் பல வீடுகளின் ஜன்னல்களில் விளக்கே இல்லை. நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 20 ஆயிரம், அதில் ஒரு சிறு பகுதியினர்தான் பாறைக்கு மேலே வசிக்கிறார்கள். மற்றவர்கள் கீழே, பார்க்கிங்கும் சூப்பர் மார்க்கெட்டும் இருக்கும் இடங்களில். அரை நாள் வந்து போகிறவர்களால் டிக்கெட் கவுன்ட்டருக்கு வருமானம். ராத்திரி தங்குகிறவர்களால்தான் ஏழு மணிக்கும் ஒரு மளிகைக் கடையும் நாலு மேஜை போட்ட உணவகமும் திறந்திருக்கின்றன.

சாப்பாடு? உம்ப்ரிகெல்லி என்று தடித்த நூடுல்ஸ் போல ஒரு பாஸ்தா, முட்டை இல்லாமல் மாவும் தண்ணீரும் மட்டும். தக்காளிச் சாஸில் கேட்டால் சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். நத்தை வடிவில் லுமக்கெல்லா என்று ஒரு பன் விற்கும். பார்க்க நம் பேக்கரி பன் போல இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி. அம்மா கையில் எடுத்துவிட்டார், நான் தடுத்தேன். ரொம்பக் கண்டிப்பான சைவம் என்றால் பார்மிஜானோ சீஸிலும் கன்றின் வயிற்று நொதி உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், உம்ப்ரியாவில் அப்படித்தான். அம்மா ஹேண்ட்பேகிலிருந்து பருப்புப்பொடியை எடுத்தார்.

புக் பண்ணும் முன்...

இத்தாலியின் எந்த மலை நகரத்துக்குப் போனாலும் சரி, லிஃப்ட் இருக்கிறதா, அறை எந்த மாடி என்று மெயில் போட்டுக் கேளுங்கள். சதுக்கத்தைப் பார்த்த அறை போட்டோவுக்கு நல்லது, தூக்கத்துக்கு உள்முற்ற அறைதான். வாடகை கார் எடுத்தால் உஷார். பழைய நகரங்களில் அனுமதி இல்லாத கார் நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும், அபராதம் பல மாதம் கழித்து கார் கம்பெனி வழியாக வீடு தேடி வரும். மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை, நான்கு வரை பல கடைகளுக்கு ஷட்டர்தான், மாத்திரை, தண்ணீர் எல்லாம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அமைதிதான் வேண்டும் என்றால் ஒர்வியேட்டோவுக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் போகாதீர்கள். ‘உம்ப்ரியா ஜாஸ் வின்டர்’ இசை விழா புத்தாண்டு வரை நடக்கும், ஊர் நிரம்பி வழியும்.

இரண்டாவது ராத்திரி அம்மா எழுந்திருக்கவில்லை. காலையில் நான் கண் விழித்தபோது மணி ஏழே முக்கால், பக்கத்தில் அம்மா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இருபத்தைந்து வயது. அம்மா தூங்கும்போது நான் முழித்திருந்த காலை ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. பயந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், சிரிக்காதீர்கள். எட்டரைக்கு எழுந்தார். “மோட்டார் போடலையே” என்றுதான் எழுந்தார். காலை உணவு நேரம் முடியப்போகிறது என்று நான் பரபரக்க, அந்தப் பெண்மணி காபியை அறை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்குக் கிளம்பி, விஞ்ச்சில் இறங்கி, ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றோம். டிக்கெட்டைத் தேட அம்மா ஹேண்ட்பேகைத் திறந்தார். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

தெருக்கதவுச் சாவி.

“போய்க் குடுத்துட்டு அடுத்த ரயிலுக்குப் போலாம்டி” என்றார் அம்மா, கொஞ்சமும் வருத்தமில்லாமல். முழங்கால் வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் விஞ்ச்சில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.