புதுக் கக்கூஸும் பழைய பாவமும்

வீட்டில் புதிதாகக் கக்கூஸ் கட்டுவிக்கும் கனவான்கள் பீங்கானின் நிறத்தைப் பற்றிப் பத்து நாள் ஆலோசிக்கிறார்கள். பூமிக்குக் கீழே நடப்பதையோ மேஸ்திரியின் இஷ்டத்திற்கு விட்டுவிடுகிறார்கள். "பெரிய தொட்டியாகக் கட்டிவிட்டால் இருபது வருஷம் திறக்க வேண்டாம்" என்று அவர் அபயமளிக்கிறார். அதனை நம்பலாகாது. தொட்டி எத்துணைப் பெரியதாயினும் அடியில் வண்டல் சேர்ந்துகொண்டேயிருக்கும். இரண்டு மூன்று வருஷங்களுக்கொருமுறை லாரி இயந்திரத்தால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். தவறினால் வண்டல் இறுகிப்போகும். அப்பொழுதுதான் வீட்டுக்காரர் உள்ளே இறங்க ஒரு மனிதனைத் தேடுகிறார். தேங்கிய விஷவாயு அவனைக் கணப்பொழுதில் வீழ்த்திவிடும். அவனைத் தூக்க இறங்கியவனும் மடிவதுண்டு.

இது குற்றமென்பதை நமது நேயர்களில் எத்தனை பேர் அறிவர்? தக்க பாதுகாப்புச் சாதனங்களின்றி ஒருவனை மலத்தொட்டியில் வேலைக்கு இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 7-வது பிரிவு விலக்கியிருக்கிறது. முதற் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லக்ஷம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நகரசபையையும் கண்டிராக்டரையும் மட்டுமன்று, வீட்டுக்காரரையும் இது கட்டுப்படுத்தும். சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்குரிய நஷ்டஈட்டை, 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு 10 லக்ஷத்திலிருந்து 30 லக்ஷமாக உயர்த்திற்று. தீர்ப்பினால் உயிர் திரும்பாதென்பது கோர்ட்டாரும் அறிந்ததே.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில், மண் இடங்கொடுக்குமாயின், இரட்டைக் குழியே உத்தமம். பீகாரில் 1970-இல் பிந்தேசுவர் பாடக் தொடங்கிய சுலப் ஸ்தாபனம் பரப்பிய முறை இதுவே. இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய இரு குழிகள். அடியில் சிமெண்டுத் தளம் கிடையாது. நீரையும் வாயுவையும் மண்ணே உட்கொள்ளும். குழிகளுக்கு முன்னுள்ள சிறு தொட்டியில் ஒரு வழியைச் செங்கல்லால் அடைத்து ஒரு குழியை மட்டும் உபயோகிக்க வேண்டும். அது நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு முதற் குழியை இரண்டு வருஷம் மூடிவைத்தால், உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்கு இடலாம். ஒருவரையும் தேட வேண்டியதில்லை.

கிணறு அருகிலிருந்தாலும், நிலத்தடி நீர் மேலாக நின்றாலும் இம்முறை ஆகாது. அங்கே தொட்டியைத்தான் கட்ட வேண்டும். லாரி அழைக்க வேண்டிய மாதத்தையும் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. இரு குழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயால் இணைத்துவிடும் மேஸ்திரிகள் உளர். அவ்வாறாயின் முதற் குழிக்கு ஓய்வென்பதே இராது. மக்காத மலத்தையே அள்ள நேரும். ஆதலின் குழாயை மண்ணிட்டு மூடுமுன் நேரில் நின்று பார்த்துக்கொள்க.