நுனி கருகினால் மருந்தைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

மாடித் தொட்டியில் வைத்த ஒட்டு மாங்கன்றின் இலை நுனி கருகத் தொடங்கியதும் பலரும் செய்வது ஒன்றுதான். ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போய், "இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். சில இடங்களில் பெரிய கேனிலிருந்து சிறிய பாட்டிலில் ஊற்றி, மூடியால் அளவு சொல்லித் தருவதும் உண்டு. இந்தக் கேள்வியே தவறானது. நுனிக் கருகல் ஒரு நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. இளங்கன்றுகளில் அதன் காரணம் பெரும்பாலும் பூச்சியோ பூஞ்சையோ இல்லை. ஊற்றும் தண்ணீரிலும், நிரப்பிய கலவையிலும், அள்ளிப் போட்ட உரத்திலும் இருக்கும் உப்புதான். காரணம் தெரியாமல் தெளிக்கும் மருந்தால் செடி பிழைக்காது. தெளிப்பவரின் உடல்நலத்துக்கும் அந்த வீட்டுச் சமையலுக்கும் ஆபத்து வருவதுதான் மிச்சம்.

கருகல் ஏன் நுனியில் தொடங்குகிறது என்பதே முதல் தடயம். வேர் உறிஞ்சும் நீர் தண்டு வழியாக ஏறி இலையில் ஆவியாகிறது. நீர் போய்விடும், அதில் கரைந்து வந்த உப்பு போகாது. நீரோட்டம் முடிகிற இடம் நுனியும் விளிம்பும் என்பதால் உப்பு அங்கே சேர்ந்து, திசுவைக் கொல்கிறது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மழை வந்து உப்பை ஆழத்துக்கு இறக்கிவிடும். தொட்டிக் கன்றுக்கு அந்த வசதி இல்லை. அதன் வேரும் சிறியது, மண்ணும் கொஞ்சம். இன்று ஊற்றியதன் உப்பு மேல் நாளைய உப்பு ஏறிக்கொண்டே போகிறது. மாவில் குளோரைடு மிகுந்தால் முற்றிய இலைகளின் நுனியும் விளிம்பும் செங்கல் நிறத்தில் காய்வது தோட்டக்கலைத் துறையினர் நன்கு அறிந்த குறைபாடு. குளோரைடு உள்ள மியூரேட் ஆஃப் பொட்டாஷுக்குப் பதிலாகச் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடச் சொல்வதும் இதனால்தான்.

எல்லாக் கருகலும் உப்பால் வருவதில்லை என்று ஒருவர் சொன்னால், அதுவும் உண்மைதான். அதனால்தான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும் என்கிறோம். அடி இலைகளில் தொடங்கி, நுனியிலிருந்து விளிம்பு வழியாகச் சீராக உள்ளே ஏறும் காய்ந்த கருகல் என்றால் உப்பு அல்லது சாம்பல் சத்துக் குறைவு. தளிரின் நுனி மட்டும் கருகிச் சுருண்டால் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் வெளுத்துக் கருகினால், நர்சரியின் பசுமைக்குடில் நிழலிலிருந்து நேராக மொட்டை மாடிக்கு வந்த அதிர்ச்சி. ஒழுங்கற்ற புள்ளிகள் மழைக்காலத்தில் பரவி ஒன்று சேர்ந்தால் பூஞ்சை. மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டியது அப்போதுதான். மண் எப்போதும் ஈரமாக இருந்து, கிளறினால் புளித்த வாடை வந்தால் வேர் அழுகுகிறது. அந்த நிலையில் நுனி காய்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் கன்று போய்விடும்.

உப்பா என்று உறுதி செய்ய ஆய்வகம்கூட முதலில் தேவையில்லை. தொட்டியின் உள்விளிம்பையும் மண்ணின் மேல்பரப்பையும் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஊற்றும் நீரையும், அடித்துளை வழியே வடியும் நீரையும் குடிநீருக்குப் பயன்படுத்தும் டிடிஎஸ் மீட்டரால் தனித்தனியே அளந்தால் மீதியும் தெரியும். வடிநீரின் அளவு ஊற்றும் நீரைவிடப் பல மடங்கு கூடினால் தொட்டியில் உப்பு தேங்கியிருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், மாற்று இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இந்த மேல் எல்லையை நெருங்கும். இதைவிட மோசமானது ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். ஆனால் அது மூல நீரைவிடச் செறிவான உப்புநீர். கடினநீரை மென்மையாக்கும் கருவியின் நீரில் சோடியம் கூடுகிறது. சரியாகக் கழுவாத தேங்காய் நார்க்கழிவுக் கட்டியும் தன் பங்குக்கு உப்பைச் சேர்க்கிறது. தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. குளோரின் பறந்துவிடும், உப்பு அப்படியே இருக்கும்.

பரிகாரம் எளிது. உரத்தை நிறுத்துங்கள். மழைநீரோ உப்பு குறைந்த வேறு நீரோ எடுத்து, தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கை மெதுவாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். நார்க்கழிவைக் கலவையில் சேர்க்குமுன் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. அடுத்த தளிர் சுத்தமாக வருகிறதா என்பதே அளவுகோல். காத்திருந்தால் கன்று செத்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் உப்பால் வரும் கருகல் ஒரே இரவில் கன்றைக் கொல்வதில்லை. உப்பால் ஏற்கெனவே தவிக்கும் இலையில் தெளிக்கும் மருந்துதான் கருகலைக் கூட்டும்.

இனி ஆபத்தையும் உரிமையையும் பார்ப்போம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் பூச்சிக்கொல்லியை முத்திரையிட்ட பொதியில், லேபிளும் விளக்கத்தாளும் சேர்த்தே விற்க வேண்டும் என்கின்றன. லேபிளில் நச்சுத்தன்மையைக் காட்டும் நிறம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. இது வெறும் சடங்கல்ல. பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனால் மருத்துவர் முதலில் கேட்பது அதன் பெயரைத்தான். மாற்று மருந்து அதைப் பொறுத்தது. லேபிள் இல்லாத பாட்டிலில் அந்தப் பெயர் இருக்காது. காய்கறிகளில் பயன்படுத்த 2005லேயே தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் உள்ளே இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. கறிவேப்பிலையும் கீரையும் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் மாடியில் இந்த அறியாமைக்கு விலை அதிகம்.

இயற்கை மருந்துதானே, அதில் என்ன கெடுதல் என்பார்கள். வேப்பெண்ணெயைக் கூடுதலாகக் கலந்து உச்சி வெயிலில் தெளித்தாலும் இலை கருகும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்ற உயிர் ஊக்கிகளையும் 2021இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்துவிட்டது. ஆகவே "ஆர்கானிக்" என்ற ஒரு சொல்லை மட்டும் ஒட்டிய பாட்டிலிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் வழக்குப் போடுவார்கள் என்பதே கடைசித் தடை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையைத் தருகிறது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குபவரைப் பற்றிக் கேள்வியே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கலப்பட உரம், லேபிள் இல்லாத மருந்து பற்றி வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் அதிகாரம் ஆய்வாளர்களுக்கு இருக்கிறது. உங்கள் புகார் உங்கள் நூறு ரூபாயோடு முடிவதில்லை. அதே கேனிலிருந்து வாங்கப்போகும் அடுத்தவரையும் காக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். எனவே இலை நுனி கருகினால் முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். பிறகும் வாங்க வேண்டியிருந்தால் முத்திரையிட்ட பொதியை, லேபிளைப் படித்துவிட்டு, ரசீதோடு வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.