குழாய் எந்த வழியால் போக வேண்டும்?

2020 பெப்ரவரி 22ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிறிய கிராமத்துக்கு அருகே நிலத்தடிக் குழாயொன்று வெடித்தது. குழாயிலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டு வாயு கிராமத்துக்குள் புகுந்தது. மக்கள் மூச்சுத் திணறினர். சிலர் மயங்கி வீழ்ந்தனர். எஞ்சின் இயங்குவதற்கும் ஒட்சிசன் வேண்டும் என்பதால் வாகனங்களும் இடைவழியில் நின்றன. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் வைத்தியசாலைகளை நாடினர். நல்லவேளையாக உயிரிழப்பு ஏற்படவில்லை.

அந்தக் குழாய் எண்ணெய் வயலுக்கு வாயுவைக் கொண்டு சென்றது. இன்று தொழிற்சாலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்து, ஆழ்நிலத்தில் புதைத்துப் புவி வெப்பமடைதலைக் குறைக்கும் திட்டங்கள் பல நாடுகளில் பேசப்படுகின்றன. அதற்கு இன்னும் பல குழாய்கள் வேண்டும். அவற்றை எங்கே பதிப்பது என்பதே கேள்வி.

இந்த வாயு எரியாது. நிறமோ மணமோ இல்லை. ஆனால் வளியை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. எனவே கசிந்தால் மேலே பறந்து போகாமல், தண்ணீரைப் போல் பள்ளம் தேடி ஓடித் தேங்கும். குழாயிலிருந்து ஒரு வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அளந்தால் போதாது. அது மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் புவியியல் தகவல் முறைமை உதவுகிறது. நிலப்பரப்பை வரைபுத்தாள் போன்று சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சாய்வு, மண்ணின் தன்மை, மண்சரிவு அபாயம், ஆறு, குடியிருப்பு, பாடசாலை, வைத்தியசாலை என்று பல தகவல்களை அடுக்கடுக்காகச் சேர்ப்பார்கள். அபாயம் கூடிய கட்டத்துக்குக் கூடிய புள்ளி. பின்னர் மொத்தப் புள்ளி மிகக் குறைந்த பாதையைக் கணினி தேடித் தரும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் தேசிய எரிசக்தித் தொழில்நுட்ப ஆய்வுகூடம் இதற்கென்றே தரவுத் தொகுப்பொன்றை உருவாக்கியுள்ளது.

சட்டார்ஷியா விபத்து பற்றிய அரச விசாரணை அறிக்கை 2022இல் வெளியானது. கடும் மழைக்குப் பின் சரிவான நிலத்தில் மண் நகர்ந்ததால் குழாயின் பற்றவைப்பு இணைப்பு உடைந்தது என்று அது கூறியது. வாயு எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் குழாயை நடத்திய டென்பரி நிறுவனம் குறைத்தே கணித்திருந்தது. அந்தக் கணிப்பின்படி கிராமம் அபாய எல்லைக்குள் வரவே இல்லை. இதனால் உள்ளூர் மீட்புப் பணியாளர்களுக்கும் போதிய முன்னறிவிப்பு இருக்கவில்லை. ஆக, வரைபடத்தில் விட்ட பிழை மனிதர்களின் மூச்சில் வந்து முடிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டங்களைக் கூட்டுவது கணினிதான். ஆனால் எந்தக் கட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதை முடிவு செய்பவர் மனிதர். செலவுக்குக் கூடிய புள்ளி கொடுத்தால் குழாய் குறுக்கு வழியில் போகும். குடியிருப்புக்குக் கூடிய புள்ளி கொடுத்தால் அது ஊரைச் சுற்றிப் போகும். அந்தப் புள்ளிகளை நிறுவனம் மட்டும் இட்டால், நிலத்தின் விலை குறைந்த ஏழை ஊர்களின் ஊடாகவே குழாய்கள் போகக்கூடும்.

மண்சரிவு அபாய வரைபடங்கள் நமக்கும் புதியவை அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பகுதி மாவட்டங்களுக்கு அவற்றைத் தயாரித்து வருகிறது. எந்த வரைபடமும் அலுமாரியில் இருந்தால் யாரையும் காப்பாற்றாது. சரிவின் கீழே வாழ்பவருக்கு அது அவருடைய மொழியில், மழைக்கு முன்னரே போய்ச் சேர வேண்டும். குழாய் வரைபடமும் அப்படித்தான். பாதையை இறுதி செய்ய முன்னர் அந்த ஊரார் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும், எந்தச் சரிவு முன்பு இடிந்தது என்பது செய்மதியை விட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.