காஞ்சிபுரம் போகிறீர்களா? முதலில் பாதத்தைப் பாருங்கள்!

எங்கள் குன்றத்தூர்க்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கக் காஞ்சிபுரம் போவோம். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போவோம். ஊரைச் சுற்றிப் பார்க்க மட்டும் போக மாட்டோம்! 'இதோ இருக்கிற காஞ்சிதானே, எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்' என்று வருஷங்களைத் தள்ளிக்கொண்டே இருப்போம்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் போனால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். பல்லவர் கட்டிய கோயில்கள், விஜயநகர மன்னர் எழுப்பிய கோபுரம், நெசவாளர் வீதிகள் என்று ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறு வருஷத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அவசியம் போய் வாருங்கள். ஆனால் போவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். ஏனென்றால், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, ஒரு பாடம் படித்துக்கொண்டு வந்தவன் நான்.

ஒரு சித்திரை ஞாயிறு

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. பாளையங்கோட்டையிலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அப்போது வயது அறுபத்தாறு. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை.

"தம்பி, சேக்கிழார் பிறந்த ஊர்ல குடியிருக்கே. பெரிய புராணத்துல வர்ற காஞ்சிக் கற்கோயிலை ஒருநாள் எனக்குக் காட்டக் கூடாதா?" என்றார்.

என் மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடித்து ஞாயிறு காலையில்தான் வந்தான். குளித்து, டிபன் முடித்து, வேன் பிடித்துக் கிளம்பும்போது மணி ஒன்பதரை. நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். சித்திரை வெயிலில் சுற்றப் போகிறவர்கள் ஒன்பதரைக்கா கிளம்புவார்கள்?

இரண்டாவது தப்பு, "செருப்பை வண்டியிலேயே விட்டுடலாம், வாசல்ல விட்டா தேடணும்" என்று எல்லோரும் வெறுங்காலோடு இறங்கியது. இந்த யோசனையைச் சொன்னவன் சாட்சாத் நானேதான்!

முதலில் ஏகாம்பரநாதர் கோயில். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே ஆயிரங்கால் மண்டபம், மாமரம் எல்லாம் தரிசித்தோம். அடுத்து கைலாசநாதர் கோயிலுக்குப் போனபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது இது. மணற்கல்லில் செதுக்கிய சிங்கங்கள், சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சின்னச் சன்னதிகள். என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் திறந்த பிராகாரத்தின் நடுவில் நின்று பூசலார் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கையில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினாரே, காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, 'அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்று இறைவன் கனவில் சொன்னாரே, அந்தக் கதை. அந்தக் கற்கோயில் இதுதான் என்று சொல்வது வழக்கம்.

பாதிக் கதையில் பேத்தி துள்ளினாள். "சுடுது தாத்தா!" என்று ஓடிப்போய் நிழலில் நின்றுகொண்டாள். அண்ணன் துள்ளவில்லை. கொளுத்தும் கல்லில் நின்றபடியே மீதிக் கதையையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"பாரேன், இந்த வயசிலும் அண்ணாச்சிக்கு என்ன பக்தி!" என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பது வருஷமாக நாடி பிடிக்கிறவன் சொன்ன வார்த்தை இது! வெட்கமாகத்தான் இருக்கிறது.

"பெரிய தாத்தா கால்ல பலூன்!"

மதியம் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் ஒரு அறை எடுத்துப் படுத்தோம். அண்ணன் கட்டிலில் கால் நீட்டியிருந்தார். கீழே விளையாடிக்கொண்டிருந்த பேத்தி திடீரென்று, "பெரிய தாத்தா கால்ல பலூன் இருக்கு!" என்று கத்தினாள்.

எழுந்து பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும், பெருவிரலுக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். வலது காலில் தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"எரியுதா அண்ணே?"

"இல்லையே... என்ன ஆச்சு?"

அந்த 'இல்லையே'தான் என் வயிற்றைக் கலக்கியது. எரிந்தால் பயமில்லை. எரியாவிட்டால்தான் பயம்!

ஏன் எரியவில்லை?

சர்க்கரை நோயை எங்கள் சித்த நூல்கள் மதுமேகம் என்று சொல்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்புகள் மெல்ல மெல்லப் பழுதாகும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. எனவே அவைதான் முதலில் அடி வாங்கும். ஆரம்பத்தில் சிலருக்கு எரிச்சல், குத்தல், பஞ்சில் நடப்பது போன்ற மதமதப்பு இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, உணர்ச்சி மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். கூடவே பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். அதில் கிருமி புகுந்தால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சிப் பொழுதில் கல் தரையும் தார் ரோடும் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். 60 டிகிரி சூடு தோலைப் புண்ணாக்கச் சில விநாடிகள் போதும். நமக்குச் சுட்டால் குதித்து ஓடிவிடுகிறோம். அந்தக் குதிப்புதான் ஆண்டவன் கொடுத்த செருப்பு! உணர்ச்சி போனவருக்கு அந்தச் செருப்பும் இல்லை.

இது யாரோ சிலர் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. என்னிடம் வருகிறவர்களில் நாற்பது வயதைத் தொட்ட தொழிற்சாலை ஊழியர்கள் நிறையப் பேர். வாரத்தில் ஆறு நாள் கனமான சேஃப்டி ஷூவுக்குள் கால், ஏழாவது நாள் கோயிலில் வெறுங்கால். நடுவில் அந்தக் காலைத் திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

பையில் இருந்த களிம்பு

கொப்புளத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் பைக்குள் போனது. தீப்புண்ணுக்கு நாங்கள் பூசும் குங்கிலிய வெண்ணெய் உள்ளே இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. உணர்ச்சி இல்லாத சர்க்கரைக் காலில் புண் எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது. மேலே எதையாவது பூசிவிட்டால் பார்க்கிற டாக்டருக்கும் புண் மறைந்துபோகும். எந்த வைத்தியமாக இருந்தாலும் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் காலில் ஓடவிட்டேன். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் இதற்குப் பலன் உண்டு. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, அண்ணனை நடக்கவிடாமல் தூக்கி வேனில் உட்கார வைத்து, நேராக மருத்துவமனை. டெட்டனஸ் ஊசி, கட்டு, சர்க்கரைக்கு இன்சுலின் என்று வைத்தியம் தொடங்கியது. இடது கால் மூன்று வாரத்தில் ஆறியது. வலது கால் ஆற இரண்டரை மாதம்! ஊருக்குத் திரும்ப முடியாமல் அத்தனை நாளும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே கூட்டிட்டு வந்ததால விரல் பிழைச்சுது" என்றார் அந்த டாக்டர். ஏழு வயதுக் குழந்தை பார்த்ததை வைத்தியன் பார்க்கவில்லையே என்ற குறுகுறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை

இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான எளிய சோதனை இது. கருவி வேண்டாம், காசு வேண்டாம். உங்கள் ஆள்காட்டி விரல் போதும்.

பெரியவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது கால், இடது கால் இரண்டிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மாற்றி மாற்றி லேசாகத் தொடுங்கள். ஒவ்வொன்றையும் ஓரிரு விநாடிதான். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. தொடும்போதெல்லாம் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாத உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அப்படியானால் எப்படிப் போவது?

'அப்போ அப்பா அம்மாவை வீட்டிலேயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?' என்று கேட்காதீர்கள். அவர்களுக்காகத்தானே பயணம்! பயணத்தைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொண்டால் போதும்.

மார்கழி, தை மாதங்கள் உத்தமம். வெயில் காலம்தான் தோதுப்படும் என்றால் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். திறந்தவெளிப் பிராகாரம் உள்ள கோயில்களைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நடுப்பகலில் சாப்பாடு, ஓய்வு, பட்டுக்கடை. வெயில் தாழ்ந்த பிறகு வரதராஜப் பெருமாளையும் காமாட்சியம்மனையும் தரிசிக்கலாம்.

செருப்பை வண்டியில் விடாதீர்கள். கோயில் வாசல் வரை போட்டுக்கொண்டு போய் அங்கே விடுங்கள். தார் ரோட்டில் நடப்பதே பாதி ஆபத்து. உணர்ச்சி குறைந்தவர்கள் தடித்த பருத்திக் காலுறை அணியலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலுறை போட்டிருக்கிறோம் என்று சுடுகல்லில் நிற்காதீர்கள். நார் விரிப்பு போட்ட பாதையிலும் நிழலிலும்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு கோயிலை விட்டு வெளியே வந்ததும் வீட்டில் ஒருவர் அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். அரை நிமிஷ வேலை!

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் 'தரிசனம் முடிச்சுச் சாப்பிடலாம்' என்று பட்டினி கிடக்கக் கூடாது. படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே கொடுக்கக் கையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலினை வைக்காதீர்கள்.

தாகத்துக்குக் குழந்தைகளுக்குப் பானகம் கொடுக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு வெல்லம் வேண்டாம், சீரகம் தட்டிப் போட்ட நீர்மோர் கொடுங்கள். காஞ்சிபுரம் இட்லியை விடலாமா? மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி, சுக்கு, மிளகு, சீரகம் சேர்த்து அவிப்பது. சுக்கும் மிளகும் சீரகமும் பசியைத் தூண்டும், செரிமானத்துக்கும் நல்லது. ஆனாலும் அரிசிப் பண்டம்தானே, சர்க்கரைக்காரர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சுட்டுவிட்டால் இங்க், பற்பசை, மஞ்சள், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், சுத்தமான துணி, மருத்துவமனை. இந்த மூன்றுதான்!

போன தை மாதம் அண்ணனை மறுபடி காஞ்சிக்குக் கூட்டிப் போனேன். அன்று பார்க்காமல் விட்ட வைகுண்டப் பெருமாள் கோயிலில், பல்லவர் சரித்திரத்தைக் கல்லிலேயே செதுக்கியிருக்கும் திருச்சுற்றில், காலை எட்டு மணிக்குக் காலுறையோடு நடந்தார். வெளியே வந்து திண்டில் உட்கார்ந்ததும், இப்போது வளர்ந்துவிட்ட என் பேத்தி யாரும் சொல்லாமலே குனிந்து அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை தாத்தா, அடுத்த கோயிலுக்குப் போகலாம்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் காலைக் கடைசியாக நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? அடுத்த விசேஷத்தில் ஆசீர்வாதம் வாங்கக் குனியும்போதாவது, ஒரு நிமிஷம் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பாருங்களேன்!